விட்டு விட்டு உட்காரவும்

முதுகுவலிக்குப் படுக்கையே மருந்து என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. இது பிழை. நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் வலி போகாது. பக்கத்தில் அதுவும் வசதியாகப் படுத்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய பிழை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. முதுகுவலி என்று விடுப்பு எழுதுகிற ஆண்களில் பெரும்பாலோருக்கு வலிப்பது இடுப்பு. 'இடுப்புவலி' என்று எழுதினால் மேலாளர் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டுவிடுவாரோ என்று அஞ்சி, வலியை ஒரு சாண் மேலே ஏற்றி எழுதிவருகிறார்கள்.

இந்தத் திருத்தத்தைச் சொன்னவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பிழை இருந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. விட்டுப்போன ஒற்றுகளுக்கெல்லாம் தேடித் தேடிப் புள்ளி வைப்பதால் அச்சகத்தில் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர். பெரிய புள்ளி ஆகவேண்டும் என்று அவர் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அவருடைய ஆசையெல்லாம் ஒரு நாற்காலி. பதவி நாற்காலி அல்ல, சாய்வு நாற்காலி. ஊரார் அதை ஈசிச்சேர் என்பார்கள், அவர் திருத்துவார்.

பச்சைக் கோடு போட்ட முரட்டுத் துணி. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஆகவே இந்த வீட்டில் அது மனைவிக்கு மூத்தது என்று சொல்வார், அவள் காதில் விழாத தூரத்தில். துணி தொய்ந்து தொய்ந்து, அவர் உட்கார்ந்தால் வெளியே தெரிவது இரண்டு முழங்காலும் ஒரு புத்தகமும் மட்டுமே. கூடத்தின் ஒரு மூலையில் மனைவியின் தையல் மிஷின். மற்ற மூலைகளுக்குப் போகிற வழியெல்லாம் இந்த நாற்காலி.

"துணியை விரிச்சு வெட்ட இடமில்லீங்க. இதைத் தூக்கி வெளிய போடுங்க."

"நான் இருக்கிற வரைக்கும் அது இருக்கும்."

"அது இருக்கிற வரைக்கும் நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை, கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

மிஷின் நின்றது. "என்னங்க, தரையில எழுத்துப்பிழையா?"

"பிடிச்சிருக்கு..."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பவாவது வாயைத் திறந்து சொன்னீங்களே!"

"இடுப்புல பிடிச்சிருக்கும்மா!"

"அதானே பார்த்தேன்." எழுந்து வந்து அவரைச் சுவரோரமாகச் சாய்த்து, மடக்குக் கத்தியைத் திறப்பதுபோல் மெல்ல நிமிர்த்தினாள். "போன தடவை தண்ணி கேன் தூக்கச் சொன்னப்போ பிடிச்சுது. அதுக்கு முந்தின தடவை எங்க அண்ணன் வீடு மாத்தினப்போ பிடிச்சுது. வீட்டுல என்ன வேலை வருதுன்னு உங்க இடுப்புக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது."

இது அநியாயம். வலி உண்மை. அது வந்துபோகிற நேரங்கள் அவருக்குச் சாதகமாக அமைந்துவிடுவது தற்செயல். அந்தத் தற்செயலை அவர் தடுப்பதில்லை, அவ்வளவே.

"அடுத்த தெருவுல ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா இருக்காங்க. இன்னைக்கே போறீங்க" என்றாள் மனைவி.

போனார். டாக்டர் இளம்பெண். முன்னால் வளையச் சொன்னாள், பின்னால் வளையச் சொன்னாள். வீட்டில் எவ்வளவோ வளைந்து கொடுத்துப் பழகியவர், இங்கே பாதியில் நின்றுவிட்டார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. வீட்டுல எதுல உட்காருவீங்க?"

நாற்காலியை அவர் வர்ணித்தார். காதலியை வர்ணிப்பதற்கு ஒரு மாற்றுக் குறைவு. டாக்டரின் முகமோ, நோயாளி ஒளிவுமறைவில்லாமல் குடிப்பழக்கத்தைச் சொல்லும்போது இருக்கும் முகமாக இருந்தது.

"சரி, நல்லாக் கேட்டுக்குங்க. வலி குறைஞ்சதும் படுத்தே கிடக்காதீங்க, நடங்க. பாரமே தூக்கக் கூடாதுன்னு இல்ல. முழங்காலை மடக்கி, பொருளை உடம்போட ஒட்டிப் பிடிச்சு, ரெண்டு கைக்கும் சமமாப் பிரிச்சுத் தூக்குங்க. உடம்பு பழகினாத்தான் வலி திரும்பத் திரும்ப வராது. முக்கியமா ஒண்ணு. அந்த ஈசிச்சேரை விட்டுவிட்டு உட்காருங்க. நிமிர்ந்த நாற்காலி, இடுப்புக்குப் பின்னால ஒரு சின்னத் தலையணை. போதும்."

எல்லாரையும்போல 'விட்டுட்டு' என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். படித்த பெண், அழுத்தந்திருத்தமாக 'விட்டுவிட்டு' என்றாள். அவள் செய்த ஒரே தவறு அது.

வீடு திரும்பும் வழியெல்லாம் புள்ளிக்காரர் தம் தொழிலைச் செய்துகொண்டே நடந்தார். 'பாரமே தூக்கக் கூடாதுன்னு இல்ல' என்ற வாக்கியம் நீளமாகப் பட்டது, வாலை வெட்டினார். 'விட்டுவிட்டு' நெருக்கமாகப் பட்டது; நடுவில் ஓர் இடைவெளி விட்டார். 'ஈசிச்சேரை' என்பதில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டாம் வேற்றுமை உருபைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டார். பெண்டாட்டியிடம் வேற்றுமை பாராட்டுவது அழகல்ல.

மனைவி ஒரு வெள்ளைக் கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். யார் யாரோ தைக்கக் கொடுப்பார்கள்; அவர் கவனிப்பதில்லை.

"என்ன சொன்னாங்க?"

"பாரமே தூக்கக் கூடாதாம்."

"அப்புறம்?"

"காய்கறிப் பைகூடப் பாரம்தான்."

"அது அவங்க சொன்னதா, நீங்க சொல்றதா?"

"பொதுவா எல்லாரும் சொல்றது."

"நாற்காலியைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருந்தார். "சொன்னாங்களே. விட்டு விட்டு உட்காரணுமாம்."

"அப்படின்னா?"

"கொஞ்ச நேரம் உட்காரணும். எழுந்திருக்கணும். மறுபடி உட்காரணும். மழை விட்டு விட்டுப் பெய்யுதுன்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி. நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. அதை எடுத்துட்டா அர்த்தமே மாறிடும். ஒரேயடியாக் கைவிடுறதுன்னு ஆயிடும்."

"ஓ. நடுவுல இடைவெளி இருக்கா?"

"இருக்கு."

"நல்லாத் தெரியுமா?"

"இத்தனை வருஷமா அதுதானே என் பிழைப்பு!"

மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். "சரிங்க" என்றாள்.

கேட்ட மாத்திரத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்னதில் ஏதோ பிழை இருக்கிறது என்று, ஊர்ப் பிழையெல்லாம் பார்க்கிறவருக்குப் படவில்லை.

அடுத்து வந்த நாட்கள் பொன்னானவை. காய்கறிப் பையை அவள் சுமந்தாள். தண்ணி கேனை அவள் உருட்டினாள். அவர் விட்டு விட்டு உட்கார்ந்தார். காபிக்கு எழுந்தார், காபியோடு உட்கார்ந்தார். இடைவெளி நாளுக்கு நாள் சுருங்கியது. ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் இடுப்பு ஒரு கேள்வி கேட்டது. மேல்வீட்டுக்காரர் படியில் பார்த்து, "என்ன சார், நேத்து ஆச்சரியக்குறி மாதிரி நேரா இருந்தீங்க, இன்னைக்குக் கமா மாதிரி வளைஞ்சிருக்கீங்க?" என்றார். தொழில்முறையில் அந்த உவமையில் குற்றம் காண முடியவில்லை.

ஒரு மாலை அச்சகத்திலிருந்து வந்தார். கூடம் பெரிதாக இருந்தது. தரை நிறைய யாருடைய திரைச்சீலையோ விரிந்து கிடந்தது. நடுவில் மண்டியிட்டு மனைவி கத்தரித்துக்கொண்டிருந்தாள். மேஜையருகே நிமிர்ந்த நாற்காலி ஒன்று, முதுகில் புதிதாகத் தைத்த சின்னத் தலையணையோடு. சுவரில் சில கட்டைகள் சாய்ந்து நின்றன.

"என் நாற்காலி எங்கம்மா?"

"அதோ நிக்குதே."

"அது வெறும் கட்டை! துணி?"

"நீங்கதானே சொன்னீங்க, விட்டுவிட்டு உட்காரணும்னு."

"விட்டு, விட்டு! நடுவுல இடைவெளி இருக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"இருந்துது." கத்தரி நிற்கவில்லை. "நான் தையக்காரிங்க. இடைவெளி இருந்தா தைச்சிடுவேன்."

புள்ளிக்காரர் பக்கத்தில் இருந்த நிமிர்ந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டதால் உட்காரவும் வேண்டியதாயிற்று. தலையணை, சொல்லி வைத்தாற்போல் இடுப்பில் போய்ப் பொருந்தியது. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"யாரைக் கேட்டுச் செஞ்சே?"

"டாக்டரம்மாவைத்தான். அவங்க கோட்டு நான்தானே தைக்கிறேன். போட்டுப் பார்க்க வந்தாங்க. 'உங்க வீட்டுக்காரர் அந்த ஈசிச்சேரை விட்டாரா'ன்னு கேட்டாங்க. எப்பவும் அதுலதான் கிடக்கார்னு சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டு, சொன்னதையெல்லாம் முதல்லேருந்து ஒப்பிச்சுக் காட்டினாங்க." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "பாரம் தூக்கக் கூடாதுன்னு இல்லையாம். அந்த 'இல்ல' எங்க விழுந்துது?"

அவர் இடுப்புக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"அச்சுப்பிழை" என்றார்.

"திருத்திடலாம்" என்றாள்.

மறுநாள் காலை புள்ளிக்காரர் காய்கறிக் கடைக்குப் போய்வந்தார். முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்கினார். இடுப்பு ஒன்றும் கேட்கவில்லை. இடக்கையில் ஒரு பை, வலக்கையில் ஒரு பை, எடை சமம். இரண்டும் புதுப் பைகள். பச்சைக் கோடு போட்ட முரட்டுத் துணி.