கொக்கு இறங்கிய மனு

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்ததோ இல்லையோ, இழுப்பு வாத்தியார் இருந்தவரை வாக்கியங்கள் வருஷம் முழுக்க விளைந்தன. பிரெஞ்சுக்காரர் காலம். அவர் ஊர்ப் பள்ளியின் தமிழ் வாத்தியார்; வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போவதால் அந்தப் பெயர். அதே பள்ளியில் நான் கணக்கு வாத்தியார்.

அவரிடம் அட்டை போன நாவல் ஒன்று இருந்தது. எழுதியவர் யாரென்று கரையானுக்குத்தான் தெரியும். தினம் அதிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதுவார். பிள்ளைகள் அதே நடையில் தங்கள் வீட்டைப் பற்றி எழுத வேண்டும். அந்த நாவலாசிரியருக்கோ வாக்கியத்தை முடிக்க மனமே வராது.

நோய் என் வகுப்புக்கும் பரவியது. தாமதமாக வந்த ஒருவனைக் கேட்டேன்:

"ஏன்டா இவ்ளோ நேரம்?"

"பனி வெலகாத காலையில சார், எங்க வூட்டு எருமை, கனவு கண்ட மாரி கண்ண மூடிகினு, வாய்க்கா ஓரமா..."

ஒன்பது இடத்தில் மூச்சு வாங்கினான், எண்ணினேன். எருமை எழுந்திருப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்த மாசியில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரம். மதகைத் திறக்கச் சொல்லிக் கொம்யூன் தலைவரான மேரிடம் மனு கொடுக்க வேண்டும். எழுத்தறியாத கண்ணுசாமி, இழுப்பிடம் படிக்கும் தன் மகள் அஞ்சலையை எழுதச் சொன்னார். துணைக்கு நானும் போனேன்.

மேர் உரக்கப் படித்தார்:

"சூரியன் ஏரிக்குள் மெல்ல இறங்க, கொக்குகள் வெள்ளை வெள்ளையாய் எங்கள் வயலுக்குத் திரும்ப, என் அப்பா வரப்பில் நின்று, இன்னும் வராத தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

மனு அவ்வளவுதான். மேர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். உத்தரவு எதுவும் போடவில்லை.

கண்ணுசாமி நேரே பள்ளிக்கு வந்தார். "இன்னா வாத்தியாரே, தண்ணி கேளுடின்னா கொக்கு வுட்டுகினு இருக்கா! பயிரு காஞ்சா உம்ம பொஸ்தகத்தையா அறுக்கறது?"

"வராத தண்ணிக்கே ஒரு சத்தம் குடுத்து, அதையும் உன்னை நிக்கவச்சுக் கேக்க வச்சு, அந்த நாவல்காரரே பார்த்திருந்தா..." என்று இழுத்தார் வாத்தியார்.

எனக்குத்தான் தூக்கம் போனது. ஆறு நாளில் கதிர் பதராகிவிடும்.

மூன்றாம் நாள் மாலை ஐந்தே கால். காற்றே இல்லை. மேரின் குதிரை வண்டி கடைமடையில் வந்து நின்றது. மனைவியோடு கொக்கு பார்க்க வந்திருந்தார்! செய்தி கேட்டு நாங்கள் ஓடினோம். வெடித்த மண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மேர் கேட்டார்:

"எங்கேய்யா கொக்கு?"

கண்ணுசாமி வாத்தியாரை முறைத்தார். இழுப்பு வாத்தியார்தான் வாய் திறந்தார்.

"தண்ணி வந்தா வரும்ங்க."

மேரின் மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். இருட்டுவதற்குள் மதகு திறந்தது.

வாய்க்காலில் தண்ணீர் ஓட, நானும் வாத்தியாரும் அதன் கூடவே திரும்பினோம். மறுநாளுக்கான வாக்கியத்தை முணுமுணுத்தபடி அவர் தூக்கத்தில் நடப்பவர்போல் நடந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் என் குடையை விரித்து, வீடு வரை அவர் தலைமேல் பிடித்துக்கொண்டே வந்தேன்.