டவுட் பாயின் முகநரம்பு

டாக்டரையே உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்த நோயாளி சென்னையில் ஒருவர்தான். அவர் எங்கள் டவுட் பாய்.

தி.நகரில் ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி விற்பவர். கடைக்கு மேல்மாடி டிராவல்ஸ் ஆபீசில் எனக்கு வேலை. மெரூன் துணி கேட்டால், "மெரூன் ஏம்மா? உள்ள போறத யாரு பாக்கப்போறாங்க?" என்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் கத்தரிக்கோலை எடுப்பார்.

ஒருநாள் அவருடைய இடது கண்ணும் கன்னமும் தாமாகவே துடிக்க ஆரம்பித்தன. துணி வாங்க வந்த அம்மாள் முறைத்தார். அவர் கணவர் கடைக்குள் ஏறிவிட்டார்.

"இன்னா பாய், கண்ணடிக்கிற?"

"நான் அடிக்கல நைனா, அதுவா அடிச்சிக்குது. ஏன்னு எனக்கே டவுட்டா கீது!"

ஸ்கேனில் விடை கிடைத்தது. காதுக்குப் பின்னால், எலும்புக்குள் ஓடும் முகநரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை; ஆனால் வளரும். முதலில் பார்த்த டாக்டர், கட்டியை முழுசாக எடுத்தால் நரம்பும் போய்விடும், வேறு நரம்பை ஒட்டினாலும் முகம் பழையபடி வராது என்றார். "ஏன் வராது?" என்று பாய் ஆரம்பித்ததும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அடையாற்றில் ஒரு பெண் டாக்டரிடம் நானும் துணைக்குப் போனேன்.

"முகம் இன்னும் நல்லா வேலை செய்யுது. நரம்பை வெட்டாம கட்டியை மட்டும் உரிச்சு எடுக்கப் பாக்கலாம்" என்றார் அவர்.

"எது நரம்பு, எது கட்டின்னு எப்டிம்மா தெரியும்?"

"லேசா கரன்ட் வெச்சுத் தொடுவோம். கன்னம் அசைஞ்சா மெஷின் கத்தும். அங்க கைவைக்க மாட்டோம்."

"கட்டி ஒட்டிக்கினு வரலேன்னா?"

"கொஞ்சம் விட்டுட்டு, அப்பப்போ ஸ்கேன் பாத்துக்கலாம். அது மறுபடி வளரலாம். முகம் கோணாதுன்னும் கேரண்டி தர முடியாது. கட்டி முழுசாப் போறது முக்கியமா, முகம் முக்கியமா? நீங்கதான் சொல்லணும் பாய்."

பாய் ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் மெதுவாகச் சொன்னார். "சார், நான் தமாஷ் பண்ணா இந்த ஒதட்டோரம் லேசா ஏறும். அதப் பாத்துதான் என் பீவி சிரிப்பா. இது போச்சுன்னா, நான் சண்டை போடறேன்னுல்ல நெனச்சிப்பா?"

முகம்தான் முக்கியம் என்று முடிவானது.

ஆபரேஷன் அன்று அவர் மனைவி வராந்தாவில் தஸ்பி மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். பல மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். "நரம்பு முழுசா இருக்கு. பிரிக்க முடியாத ஒரு மெல்லிசுத் துண்டை மட்டும் விட்டுட்டேன்."

மறுநாள் காலை பாயைக் கண்ணை மூடச் சொன்னார். மூடியது. சிரிக்கச் சொன்னார். பாய் சிரிக்கவில்லை.

"மெஷின் எத்தினி தபா கத்திச்சு டாக்டர்?"

"எண்ணல பாய்."

"ஏன் எண்ணல?"

இடது உதட்டோரம் சோம்பலாக, ஒரு நூலளவு மேலே ஏறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி சத்தமாகச் சிரித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சில மாதங்களில் அந்தச் சோம்பலும் போய்விட்டது.

எங்கள் ஆபீஸ் இப்போது வேளச்சேரியில். ஆனாலும் மாதம் ஒருமுறை தி.நகர் போய்விடுகிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் தைக்கத் தெரியாது. அலமாரியில் லைனிங் துணி மட்டும் ஏழெட்டு மீட்டர் சேர்ந்திருக்கிறது.