வீட்டுக்காரர் பெயர் சொல்லி வாங்கிய குடியுரிமை

குடியுரிமை வாங்கப் போன இடத்தில் கட்டின புருஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவள் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது கதையில் துப்பாக்கியெல்லாம் வரும். துப்பாக்கி கிடையாது. ஒரே ஒரு மத்தாமத்தா (போலீஸ்காரரை அப்போது அப்படித்தான் சொல்வோம்), அவர் கையில் ஒரு தடி, அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்த புதிது. மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். என் வீட்டுக்காரர் மலாக்காவிலேயே பிறந்தவர், அதனால் தானாகவே குடிமகன். நான் பிறந்தது எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், மூவார் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அது ஜொகூர். மலாக்காவை வெள்ளைக்காரன் நேராக ஆண்டான், ஜொகூருக்கு சுல்தான் உண்டு, அதனால் சட்டம் வேறு என்றார்கள். என் அம்மா கொஞ்சம் நடந்து வந்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்னைப் பெற்றிருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது. அவளுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள், பாவம்.

குடிமகனின் மனைவி என்று பாரம் எழுதிக் கொடுத்து, கவுண்டரில் கேட்பதற்குப் பதில் சொல்லி, சத்தியம் செய்தால் எனக்கும் காகிதம் கிடைக்கும். காகிதம் இல்லாதவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பாசாரில் (சந்தையில்) ஒரே பேச்சு. நாகப்பட்டினத்தில் எனக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. வயிற்றில் மூத்தவன் ஐந்து மாதம். உண்மையாகவே பயந்து போயிருந்தேன்.

சுதந்திரம் வந்தால் வரிசை குறையும் என்று வேறு நினைத்திருந்தேன் (எனக்கு அப்போது இருபது வயது, அந்த வயதில் எதையும் நினைக்கலாம்). ஆபீஸில் கொடி மாறியிருந்தது, சுவரில் படம் மாறியிருந்தது, வரிசை அதே வரிசை. கவுண்டரில் பேசுவதற்கு ஒரு துவாரம் வைத்திருப்பார்கள். நெட்டையானவர்கள் குனிய வேண்டும், குட்டையானவர்கள் எக்க வேண்டும். அந்தத் துவாரத்துக்குச் சரியான உயரமுள்ள ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. முதல் தடவை போனபோது போட்டோவில் என் இடது காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காது இருக்கிறது என்று தலையைத் திருப்பிக் காட்டினேன். போட்டோவில் இருக்க வேண்டுமாம். இரண்டாம் தடவை முத்திரை குத்துகிற ஆபீசர் லீவு. முத்திரையை மேசைக்குள் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டார். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. நான் துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் தேத்தண்ணி நேரம் வந்துவிட்டது.

இந்த இடைவெளியில் நான் மலாய் கற்றுக்கொண்டேன். பாடம் சொல்லித்தந்தது பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா. அவர் மலாக்கா செட்டி. கும்பிடுகிற சாமி நம் சாமி, பேசுகிற பேச்சு மலாய், தமிழ் வராது. முதல் நாளே "அவாக் இஸ்திரி?" என்று என்னைக் கேட்டார். சனிக்கிழமை மட்டும் செய்வேன், கரி விலை ஏறிவிட்டது என்றேன். மலாயில் அவாக் என்றால் நீ, இஸ்திரி என்றால் மனைவி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படியே கணவனுக்கு 'சுஆமி'. முகத்துக்கு 'மூக்கா'. மூன்று மாதத்தில் நான் பாசாரில் மீன் விலை பேசித் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். அதோடு தலைக்கனமும் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் நடுவில் ஒரு ஆங்கில வார்த்தை போட்டால்கூட, "சுதந்திர நாட்டுல மலாய்ல பேசுங்க" என்று திருத்துவேன்.

நாலாம் தடவை போன நாள்தான் அந்த நாள். வேலை உள்ளவர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்றதால் வீட்டுக்காரர் வெளியே மரத்தடியில் சைக்கிளோடு நின்றுகொண்டார். முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை அவருக்கு. அரை நாள் லீவு போட்டுவிட்டு, சாமான் பையோடு நேராக வந்திருந்தார்.

"பயப்படாத சரசு. நீதான் எல்லாருக்கும் மலாய் சொல்லிக் குடுக்கிறியே லா," என்றார்.

கவுண்டரில் கறுப்புச் சொங்கோக் தொப்பி போட்ட ஓர் இளம் மலாய்க்காரக் கிராணி (குமாஸ்தா). நல்ல பையன். என் பெயர், பிறந்த ஊர், வீட்டு விலாசம் எல்லாம் கேட்டார். தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னை மெச்சுவது போல முதுகில் ஓர் உணர்ச்சி. அப்போது அவர் பாரத்தைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்:

"சியாப்பா நாமா சுஆமி?"

கணவர் பெயர் என்ன.

எங்கள் வீட்டில் யாரும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும். அம்மா கடைசிவரை அப்பாவை "இந்தா" என்று கூப்பிட்டே காலம் தள்ளினாள். நான் படித்த பெண், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொள்வேனே தவிர, அந்தப் பெயரை வாயில் எடுத்தது கிடையாது. பாக்கியம் அக்காவோடு கேள்வி பதிலெல்லாம் பழகியபோதும் இது சுலபமான கேள்வி என்று தாண்டிவிட்டோம்.

"பாரத்தில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்," என்று மலாயில் சொன்னேன்.

"இருக்கிறது. உங்கள் வாயால் சொல்ல வேண்டும்," என்றார். அடுத்தவன் பெண்டாட்டியென்று சொல்லிக்கொண்டு சிலர் வந்து காகிதம் வாங்கிப் போகிறார்களாம். அதனால் இந்தப் பரீட்சை.

"தெரியாதா?"

"தெரியும். சொல்ல முடியாது."

"ஏன்?"

பொய் சொல்லத் தெரியாத வாய் எனக்கு. "கலாவ் சாக்காப், டியா மாத்தி," என்றேன். சொன்னால் அவர் செத்துப்போவார்.

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவசரகாலம் இன்னும் முடியவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். மலாக்காவில் கெடுபிடி குறைந்திருந்தாலும், தேடப்படுகிறவர்களின் படங்கள் ஆபீஸ் சுவரில் அப்படியே ஒட்டியிருந்தன. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என் புருஷனையும் அந்தப் படங்களையும் ஒருவர் சேர்த்து நினைப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"அவர் என்ன வேலை செய்கிறார்?" கிராணியின் குரல் தாழ்ந்துவிட்டது.

பைப்பு வேலை என்று சொல்லியிருக்கலாம். மலாய்க்காரர்களும் பைப் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது ஆங்கில வார்த்தையாயிற்றே! சுத்த மலாயில் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். குழாய் எங்கே இருக்கிறது? மண்ணுக்கு அடியில்.

"டியா கெர்ஜா பாவா தானா," என்றேன். நிலத்துக்கு அடியில் வேலை செய்கிறார். தலைமறைவு வேலைக்கும் மலாயில் அதே சொல்தான் என்பது பாக்கியம் அக்காவின் பாடத்தில் வரவில்லை.

"தனியாகவா?"

"இல்லை, கூட்டாளிகள் நிறையப் பேர். கூப்பிட்டால் எந்த நேரத்திலும் போய்விடுவார்," என்று பெருமையாகச் சொன்னேன். கணவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னால் பெயர் விஷயத்தை விட்டுவிடுவார் என்று எண்ணம்.

அவர் விடவில்லை. எழுந்து நின்றேவிட்டார். சரி, நம்மவர்கள் செய்வது போல ஜாடையில் சொல்லிவிடலாம் என்று எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது (அதைப் புத்தி என்று சொல்வதானால்). ஒரு கையின் ஐந்து விரலும், மறுகையில் ஒரு விரலும் காட்டினேன். பிறகு முகத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"டியா அடா எனாம் மூக்கா!"

அவருக்கு ஆறு முகம் இருக்கிறது.

சாகப் பயந்து பெயரை மறைக்கிறவர். கூட்டாளிகளோடு தலைமறைவாக வேலை செய்கிறவர். போதாததற்கு ஆறு வேஷம். கிராணி கதவுப் பக்கம் கையசைத்தார். மத்தாமத்தா வந்தார். பெரிய மீசை. கிராணி அவர் காதில் ஏதோ சொன்னார், அவர் என்னைப் பார்த்தார்.

"அவர் இப்போது எங்கே?"

"வெளியே மரத்தடியில்," என்று நானே கையை நீட்டிக் காட்டினேன். அவ்வளவு ஒத்தாசை செய்தவள் நான்.

நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது வீட்டுக்காரரின் சாமான் பையை மத்தாமத்தா திறந்து, இரண்டடி நீளமுள்ள பைப்பு ஸ்பானரை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார். வீட்டுக்காரருக்குக் காக்கிச் சட்டைக்காரர்களைக் கண்டாலே பேச்சு நின்றுவிடும். பெயர் கேட்டால் "ஆ... ஆ..." என்கிறார். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அதுவும் நின்றுவிட்டது.

"அழாத சரசு. குடுக்கலன்னா போறானுங்க. நானும் ஒன்கூட நாகப்பட்டினம் வந்துடுறேன்," என்றார்.

அவரைக் கைது செய்யப் போகிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இவர் உன் கணவன்தானா? பெயரைச் சொல். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு," என்றார் மத்தாமத்தா.

பெயர் சொன்னால் ஆயுசு பின்னால் எப்போதோ குறையும். சொல்லாவிட்டால் லாக்கப் இப்போதே. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கத்தினேன்.

"ஆறுமுகம்!"

மெல்லத்தான் சொல்ல நினைத்தேன். இரண்டு வருடம் அடக்கிவைத்தது, ஜாலான் பெண்டஹாரா ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். வெளியே வரை நீண்டிருந்த வரிசையில் நின்றிருந்த வேறு இரண்டு ஆறுமுகங்கள் "என்னா?" என்று திரும்பினார்கள். மத்தாமத்தா திகைத்துப்போய் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு முகத்தில் பாதி அகப்பட்டுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

வரிசையில் நின்ற ஒரு அம்மா, "அடிப்பாவி, புருஷன் பேர இப்டியா நடுரோட்ல ஏலம் போடுவ!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு ஆறுமுகங்களில் ஒருவர்தான் விஷயத்தை விளக்கினார். எங்கள் சாமி முருகனுக்கு ஆறு முகம், அதுதான் இந்தப் பெயர். எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். என் புருஷனும் அதே பெயர்க்காரனாகத்தான் இருப்பான். பையில் இருப்பது பைப்பு ஸ்பானர். பின்னாலேயே வெளியே வந்திருந்த கிராணி கையிலிருந்த பாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சொங்கோக்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் அம்மாவும் அப்பா பெயரைச் சொன்னதில்லை, "பிள்ளைகளின் அப்பா" என்றுதான் சொல்வாள் என்றார். அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவமானம் மட்டும் போகவில்லை, தரையைப் பார்த்தபடியே நின்றேன்.

இவ்வளவும் முடிந்து உள்ளே போனால், கவுண்டர் அடைத்துவிட்டார்கள். நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுநாள் வேறு கிராணி. அதே கேள்வி. கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். சத்தியமும் செய்தேன், காகிதமும் வந்தது.

பெயரைக் கத்திய அன்று திரும்பி வருகிற வழியெல்லாம் வீட்டுக்காரர் நேராக முன்னால் பார்த்தபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோபம் என்று நினைத்தேன். காஜா பெராங் முனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "நீ சொல்றப்ப நல்லாத்தான் இருக்கு," என்றார்.

ருசி கண்டுவிட்டார். அன்று தொடங்கியது என் தலைவலி. மூத்தவன் பிறந்ததைப் பதியப் போனோம். அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். பக்கத்திலேயே நிற்கிறார், வாயைத் திறக்கவில்லை. என்னைக் கைகாட்டுகிறார். பள்ளிக்கூடத்தில், பாஸ்போர்ட் ஆபீஸில், கண் ஆஸ்பத்திரியில், எந்தக் கவுண்டருக்குப் போனாலும் மனிதருக்குச் சொந்தப் பெயர் மறந்துவிடும். "அவளக் கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்." பிள்ளைகள் அவரைத் தேடினால் இன்றும் "அப்பா பாவா தானா போயிட்டாரா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆயுசு குறைந்ததாகத் தெரியவில்லை. பேரன் பேத்தி எடுத்து, இப்போதும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறார்.

இதை எழுதி முடித்து நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"என் பேர எத்தன தடவ போட்டிருக்க?" என்று கேட்டார்.

"நெறையதான்."

"எழுதுறதெல்லாம் சேத்தியில்ல. வாயால சொல்லு."

வீட்டில் வேறு யாரும் இல்லையே என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, சொன்னேன். காதில் கையை வைத்துக்கொண்டு, "சரியா கேக்கல, இன்னொரு தடவ," என்றார். அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை என்று போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.