பூஞ்சை தின்னும் மண்

ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடையைவிட நீளமான வரிசை மூச்சுச் சாமியாருக்குத்தான். நெஞ்சில் எது புகுந்தாலும் அவருடைய அருள்மண் தின்றுவிடுமாம். பூஞ்சையா? அதெல்லாம் அதற்குக் கொறிக்கத்தானாம்! கட்டட வேலையில் ஆயுள் முழுக்க மண் சுமந்த நான், ஒரு பிடி மண்ணுக்காக வெயிலில் நின்றேன்.

உள்ளே கண்ணாடி அறையில் அக்கா. ரத்தப் புற்றுநோய். என்னிடமிருந்து எடுத்த, ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல்லைத்தான் அவளுக்கு ஏற்றியிருந்தார்கள். புது ரத்தம் ஊறுவதற்குள் நுரையீரலில் ஏதோ அபூர்வப் பூஞ்சை.

"மண்ணுல, மட்கின இலையில இருக்கறதுதான். நம்மள ஒண்ணும் செய்யாது. இவங்க உடம்புல இப்போ எதிர்க்கத் தெம்பில்ல. மருந்து கேட்டாத்தான் பிழைப்பாங்க," என்றார் டாக்டர்.

தலையாட்டினேன். தலைதான் ஆடியது, உள்ளே எதுவும் அசையவில்லை.

வயதான பிறகு எழுத்துப் படித்தவன் நான். கதவிலிருந்த அறிவிப்பை வாசித்தேன்: 'பூ, செடி, மண் கொண்டுவரக் கூடாது.' தட்டுத்தடுமாறாமல் வாசித்துவிட்டேனே என்று ஒரே பெருமை! மண் பொட்டலம் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து அக்கா போனில் கேட்டாள். "பையில என்னடா புடைப்பு?"

"பூஞ்சையத் தின்னுற மண்ணுக்கா. தலைமாட்டுல வச்சா..."

"டேய், உன் செல்லு எனக்குள்ள வந்துருச்சு. புத்தியும் சேர்ந்து வந்துருமோன்னு பயமா இருக்குடா." இருமி முடித்துத் தொடர்ந்தாள். "ரெண்டு ரொட்டித்துண்டு வாங்கு. தண்ணி தெளிச்சுத் தனித்தனி பாட்டில்ல மூடு. ஒண்ணுல மட்டும் அந்த மண்ணத் தூவு. ரெண்டையும் சாமியார் முன்னாடியே வை. தின்னுதான்னு எல்லாரும் பாக்கட்டும்."

அக்காவின் நோயைச் சொல்லி, இரண்டு பாட்டிலையும் சாமியார் முன் வைத்தேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "மண்ணு தூவாததுலதான் பூஞ்சை பூக்கும், பாருங்க!"

சில நாளில் வெறும் ரொட்டி அப்படியே இருந்தது. அருள் பெற்ற ரொட்டிக்குப் பச்சையும் கறுப்புமாகத் தாடி முளைத்திருந்தது.

"பாத்தீங்களா! அந்தம்மா நெஞ்சுல இருந்தத இங்க இழுத்துப் போட்டுட்டேன்!" என்றார் சாமியார்.

கூட்டம் கும்பிட்டது. என் கையும் பாதி உயர்ந்துவிட்டது.

மறு கையில் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அக்காவின் குரல் சத்தமாகக் கேட்டது. "ரொம்ப சந்தோஷம் சாமி. நெஞ்சுக்கு நல்ல மண்ணுதானே? மூடியத் திறந்து நீங்களே ஒரு மூச்சு இழுத்துக் காட்டுங்க."

"ஆமா சாமி, இழுங்க!" என்றது கூட்டம், பக்தியோடு.

சாமியார் பாட்டிலை எடுத்தார். திறக்குமுன் தோள்துண்டால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டார்.

"அப்போ எம்புள்ள மூக்கு என்ன இளப்பமா?" என்று ஒரு தாய் தன் பொட்டலத்தை அவர் மடியில் விட்டெறிந்தாள். அடுத்தடுத்துப் பொட்டலங்கள் பறந்தன. சாமியார் மூச்சுவாங்க ஓடினார்.

மருந்து கேட்கத் தொடங்கியிருக்கிறது. அக்காவுக்கு இருமல் குறைகிறது. அவள் உடம்பில் எதிர்க்கும் சக்தி போனது நோயால். நம் மூளையில் அது போனது எதனால்? அதற்கு யாரும் செல் தானம் தரமாட்டார்கள். நாமேதான் ஊறவைக்க வேண்டும்.