சூளைக்குப் போய் வந்த தலை

சூளை வண்டி வெளியே வந்தபோது முதலாளியின் தலை சிறுத்துப் போயிருந்தது.

அந்தக் களிமண் தலையைச் செய்தவனை அச்சுப் பிரிவில் எல்லோரும் 'ரெண்டாந்தடவை' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்ப மாட்டான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான். பாதி வழியில் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பான். அன்றும் தலையை இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்தான். இரண்டு தடவையும் சின்னதாகவே இருந்தது. அதே மூக்கு, அதே காது, இடது புருவத்துத் தழும்புகூட அப்படியே. ஆனால் மொத்தத்தில், முதலாளியை யாரோ கொஞ்ச தூரம் கொண்டுபோய் நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது.

வாஷ்பேசின் செய்யும் தொழிற்சாலை அது. களிமண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். ஆகமொத்தம் எட்டில் ஒரு பங்கு போய்விடும். அதனால் எந்த அச்சையும் அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்வார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரெண்டாந்தடவை இதைச் சொல்வான்.

ஆனால் இது செதுக்கிய அச்சு இல்லை. முதலாளியை நாற்காலியில் சாய்த்து, வயதான சலூன்காரர் முகத்தை மழித்து எண்ணெய் தடவிக் கொடுக்க, மூக்கில் குழாய்களைச் சொருகி, பிளாஸ்டரை நேராக முகத்தின் மேலேயே பூசி எடுத்தது. முதலாளி மூச்சு விடுகிறாரா என்ற கவலையில் அளவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கடவுள் முதலாளியைப் படைத்தபோது சூளைச் சுருக்கத்துக்கென்று இடம் விட்டிருக்கவில்லை.

மேஸ்திரி வந்து பார்த்தார். ஓய்வுபெற நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். பார்த்ததும் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"துணியைப் போட்டு மூடு."

"அண்ணே, சின்னதா இருக்குண்ணே."

"நீ ரொம்பக் கிட்ட நின்னு பாக்கறே."

"கிட்ட நின்னா பெருசால்ல தெரியணும்?"

"வாயை மூடிட்டு அதையும் மூடு. விழாவுல துணியை எடுப்பாங்க, கை தட்டுவாங்க, காபி குடிக்கப் போயிடுவாங்க. எவனாவது டேப்பை எடுத்துட்டு வந்து அளக்கப் போறானா?"

"இல்லண்ணே. இன்னொண்ணு பண்ணிடறேன்."

"உன் பேரை மாத்தவே முடியாதுடா" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

அவனால் சும்மா இருக்க முடியவில்லை. ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியன். "தலை நல்லா வந்தா உன்னை நிரந்தரமாக்கிடறேன்" என்று முதலாளி தன் வாயால் சொல்லியிருந்தார். அதுவும் இந்தத் தலை நிற்கப்போவது சாதாரண இடத்தில் இல்லை. வாசல் கூடத்தில், பெரியவருக்குப் பக்கத்தில்.

பெரியவர் என்றால் முதலாளியின் அப்பா. தொழிற்சாலையைத் தொடங்கியவர். உயிரோடிருந்தபோதே இதே சூளையில் சுட்ட அவருடைய தலை, பளிங்குத் தூண் மேல் இருக்கிறது. எவ்வளவு சின்னத் தலை! உள்ளே வருகிற யாரும் அதன்முன் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். "இத்தனூண்டு தலைக்குள்ளேயா இவ்வளவு பெரிய கம்பெனி இருந்துச்சு?" என்று வியப்பார்கள். ரெண்டாந்தடவைக்கும் அதே மலைப்புதான். காலையில் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை கும்பிட்டுவிடுவான். முதலாளிக்கு மூன்று வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த அப்பா அந்தத் தலைதான்.

வீட்டில் மனைவி அவனுடைய விழாச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"புதுத் துணி, ஒரே ஒரு தடவைதான் நனைச்சேன். கை முழங்கைக்கு வந்துடுச்சு."

"ஒரு அளவு பெருசா எடுத்திருக்கணும்."

"தொழிற்சாலையில இருக்கிற புத்தி கடையில எங்கே போச்சு? சரி, அதை விடுங்க. நீங்க நிரந்தரமாயிட்டீங்கன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

"ஆயிட்டேன்னா சொன்னே? ஆகப்போறேன்னு சொல்லக் கூடாதா?"

"ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் ஆயிட்டீங்கன்னே சொல்லிட்டேன்."

மறுநாளே புதுத் தலையைத் தொடங்கினான். முதலாளியின் ஒவ்வொரு அங்கத்தையும், சுருங்கப்போகிற பங்கைச் சேர்த்துப் பெரிதாக்கினான். மூக்கு கத்தரிக்காய் அளவுக்கு வந்தது. காதுகளைத் தனியாகப் பார்த்தால் அவனுக்கே பயமாக இருந்தது. உலர்த்தும் அறையில் அதை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் முதலாளி.

"இது யாரு?"

"நீங்கதாங்க ஐயா."

முதலாளிக்கு விற்பனை தெரியும், கணக்குத் தெரியும். மண் பக்கம் வந்தவரே இல்லை. தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அறை ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"சின்ன வயசுல மண்டையா, மண்டையான்னு கூப்பிடுவாங்க. மறந்திருந்தேன். அப்பாவுக்கு அப்படி ஒரு தலை. அவர் பக்கத்துல இதைப் போய் எப்படிய்யா வைக்கிறது?"

"இது குறைஞ்சிடுங்க ஐயா. எட்டுல ஒரு பங்கு போயிடும்."

முதலாளி நிமிர்ந்தார். கிடங்கில் சரக்குக் குறைவதைப் பற்றித்தான் அவருக்கு எப்போதும் கவலை.

"எட்டுல ஒரு பங்கா? யார் எடுக்கறா?"

"யாரும் எடுக்கறதில்லீங்க. கொஞ்சம் காத்து எடுத்துக்கும். மீதியை நெருப்பு எடுத்துக்கும். நாம செய்யற எல்லாத்துலயும் அதுங்களுக்குப் பங்கு உண்டுங்க. கொடுத்தாத்தான் கெட்டியாகும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. இத்தனை வருடம் சூளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா? அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. முதலாளி இன்னொரு தடவை ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

"அப்போ உடனே சூளையில வை. எவ்வளவு குறையுமோ குறையட்டும்."

"ஈரம் இன்னும் போகலீங்க ஐயா."

"உள்ளே போய்க் காயட்டும்யா!"

ஈர மண்ணைச் சூளையில் வைக்கக் கூடாது. இதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் அப்போது அவன் விழித்துக்கொண்டிருந்தான். எதிரே முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஈரத் தலையைத் தூக்கிக்கொண்டு சூளைக்கு நடந்தான்.

அன்று சாயங்காலம் சூளைக்குள் முதலாளி வெடித்தார். பக்கத்திலிருந்த பதினைந்து வாஷ்பேசின்களையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார். மிஞ்சியது ஒரு காது மட்டும். அது சரியான அளவில் இருந்தது.

"துணி எங்கேடா?" என்றார் மேஸ்திரி.

விழா நாள். கூடம் நிறைந்திருந்தது. பெரியவருக்குப் பக்கத்தில் இன்னொரு பளிங்குத் தூண். அதன் மேல் பட்டுத் துணிக்குள் அந்தச் சின்னத் தலை. முழங்கையோடு நின்றுவிட்ட சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டபடி கடைசி வரிசையில் நின்றான் ரெண்டாந்தடவை. மனைவி அவள் அம்மாவிடம் என்ன சொல்லுவாள் என்று யோசித்தான். பக்கத்தில் சலூன்காரர் காபி டம்ளரோடு நின்றார்.

முதலாளி துணியை இழுத்தார்.

இரண்டு தலைகள், ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில். ஒரே ஆள் இரு வேறு வயதுகளில் வந்து நிற்கிற மாதிரி. யாரோ மெதுவாக, "அப்பனை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கே!" என்றார்கள். அதற்குப் பிறகுதான் கைதட்டல். கூரை அதிர்ந்தது.

முதலாளி தட்டவில்லை. அப்பாவின் தலையில் ஒரு கையும் தன் தலையில் ஒரு கையும் வைத்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இருந்ததும் அப்பா தலைதான்" என்றார். "இவ்வளவு நாள் தெரியாமப் போச்சே. எங்கேய்யா அந்தப் பையன்? நாளையிலேர்ந்து அவன் நிரந்தரம்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி மட்டும் தரையைப் பார்த்தார்.

ரெண்டாந்தடவைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வழக்கம்போல முதலில் நம்பவில்லை. பெரியவரின் தலையைப் பார்த்தான், மறுபடியும் பார்த்தான். "எப்படிங்க இது? தப்பாப் போனது பெரியவர் அளவுக்கே வந்து நிக்குது! அந்த மகான்தான் கூட இருந்து பண்ணியிருக்கணும்" என்று சலூன்காரரிடம் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

சலூன்காரர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரை ஜன்னலோரம் வைத்தார்.

"பெரியவருக்குக் கடைசிவரைக்கும் முடி வெட்டினவன் நான், தம்பி. பூசணிக்காய் அளவுக்கு இருக்கும் தலை. அந்தச் சிலையைத் திறந்த அன்னிக்குத்தான் உங்க மேஸ்திரியை நிரந்தரமாக்கினாங்க."