நம்பிக்கைக்குரியவர் என்ற இடத்தில் உன் பெயர்

தங்கைக்கு அக்காள் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். சிறு வயதிலிருந்தே உனக்குச் சளிகூடப் பிடித்ததில்லை, பிடித்ததெல்லாம் எனக்குத்தான். இத்தனை காலம் பேசாதவள் திடீரென்று எழுதுகிறாளே என்று கண்ணாடியைத் துடைத்துப் பார்க்காதே. இது உறவு கொண்டாட எழுதும் கடிதம் அல்ல. ஒரே ஒரு காரியம், அது முடிந்ததும் பழையபடி பேசாமலே இருக்கலாம்.

என் பேத்தி கூடைப்பந்து ஆட்டத்தில் பந்தைத் தன் அணிக் கூடையிலேயே போட்டுவிட்டாள். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்களாம், அவசரத்தில் மறந்துவிட்டாள். அதை எவளோ வீடியோ எடுத்தாள், பள்ளிக்கூடமே பார்த்துச் சிரித்தது. அன்றைக்குச் சாத்திய அறைக்கதவுதான். பள்ளிக்கூடம் போவதில்லை, தலை வாருவதில்லை, தட்டில் வைத்தது வைத்தபடி திரும்பி வருகிறது. பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்பதற்கென்றே அங்கே ஒரு டீச்சர் இருக்கிறாள், அவள் வீட்டுக்கே வந்து பெண்ணின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். விழுந்த மனசு தானே எழுந்து நிற்கப் பழக்குமாம். தினமும் 'இன்று எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டு வரிசையாக முகங்களைக் காட்டும், நம் முகம் எதுவோ அதைத் தொட வேண்டும். அழுகிற முகத்தையே தொட்டுக்கொண்டிருந்தால், நம்பிக்கைக்குரியவர் என்று அவள் யாரைக் குறித்திருக்கிறாளோ அவருக்குத் தகவல் போகும்.

இந்த வீட்டில் நம்பிக்கைக்குரியவர் யார்? அவளுக்கு நடை பழக்கியது நான், அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்தது நான். தகவல் இதோ வரும் அதோ வரும் என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. சரி, ஆப் கெட்டுப்போயிருக்கும் என்று, அவள் குளிக்கப் போன நேரம் அவள் போனை எடுத்தேன். பூட்டைத் திறக்கிற எண் அவள் பிறந்த தேதி. நான் யார் பிறந்த தேதியை மறந்தேன், இதை மறக்க? எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டது. எனக்குப் பொய் சொல்ல வராது, கோப முகத்தைத் தொட்டேன். மூச்சை இழுத்துப் பிடியுங்கள், சொல்லும்போது விடுங்கள் என்றது. பிடித்தேன். சொல்வதற்குள் திரை இருண்டுவிட்டது. சொல்லாமல் எப்படி விடுவது? கண் இருட்டிக்கொண்டு வந்தது, மருமகள் ஓடிவந்தாள்.

"அத்தை, மூச்சை விடுங்க."

அது இன்னும் சொல்லவில்லை என்று கையால் ஜாடை காட்டினேன்.

"போனே அணைஞ்சிடுச்சு அத்தை. நீங்களும் அணைஞ்சிடப் போறீங்க."

விட்டுவிட்டு மறுபடி திறந்தேன். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவள் நான் இல்லை. 'உங்கள் மனதை அழுத்துவது எது, பேசுங்கள்' என்றது. என்னை இப்படி உட்காரவைத்துக் கேட்டவர்கள் இந்த வீட்டில் கிடையாது. பேசினேன். என் நீல ஸ்வெட்டரை நீ வாங்கிப் போய்ப் பட்டன் ஒன்று இல்லாமல் திருப்பிக் கொடுத்தது, எனக்கென்று அம்மா வாயால் சொன்ன தையல் மெஷின் உன் வீட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தது, நான் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்த அன்று கை கொடுப்பதற்கு முன்னால் நீ சிரித்தது, ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, மரியாதை தெரிந்த ஆப். கடைசியில், 'இவற்றில் ஒன்றையாவது இன்று விட்டுவிட முடியுமா' என்றது. முடியாது என்றேன். 'உங்கள் நம்பிக்கைக்குரியவரிடம் தெரிவிக்கலாமா' என்றது. அது நான்தானே, என் கோபம் எனக்கே வருவதில் என்ன வந்தது என்று 'ஆம்' என்பதைத் தொட்டேன்.

உடனே போன் அடித்தது. திரை நிறைய உன் முகம், அந்த முன்பல்லோடு.

பெண் ஈரத்தலையோடு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கதவில் காது வைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். முதலில் முணுமுணுப்பு. பிறகு சிரிப்பு. வெளியே வந்து, தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

"சின்னப் பாட்டி என்னடி சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல பாட்டி. வீடியோவை அனுப்புன்னாங்க. பார்த்துட்டு சிரிச்சாங்க. அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. உன் சாக்கடைக் கதையும் சொன்னாங்க. திங்கட்கிழமை ஆடப் போறேன்."

ஆக, அவள் அழுததெல்லாம் பக்கத்து அறையில் இருக்கிற என்னைத் தாண்டி, ஊரின் மறுகோடியில் இருக்கிற உன்னிடம் வந்திருக்கிறது. சிரிக்கவைத்துவிட்டதால் அந்த இடம் உனக்கு ஆகிவிடாது. தையல் மெஷினை விட்டேன், இவளை விடமாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு, நீயாகவே அவளிடம் சொல்லி உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல். பதில் எழுத வேண்டாம்.

உன் முழங்கால் தேவலையாகட்டும், பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். மெஷினுக்கு எண்ணெய் போடு.

இப்படிக்கு,
உனக்கு முன்னால் பிறந்தவள்.

பின்குறிப்பு: தபாலில் போடக் கொடுத்தேன், பெண் பிரித்துப் படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாட்டி, வீடியோ எடுத்தது யாருன்னு உன்கிட்ட சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றாள்.

"அவ வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். உன்னையும் மிதிக்க விடமாட்டேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாளா?" என்றேன்.

"பார்த்தியா. திங்கட்கிழமை நான் அவகூடத்தான் ஆடணும் பாட்டி. எனக்குப் பந்தைத் தூக்கிப் போடுறவளே அவதான்."

கடிதத்தை அவள் கையிலிருந்து திருப்பி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். மேலே எழுதியதை விட்டுவிடு, உன் பெயர் அங்கேயே இருக்கட்டும். அந்த ஆப்பை என் போனிலும் போட்டுவிட்டாள். நம்பிக்கைக்குரியவர் நம்பர் என்ன என்று கேட்டாள். கண்ணாடி போடாமல், டயரியைத் திறக்காமல், எனக்குச் சொல்ல வந்தது உன் நம்பர் ஒன்றுதான். கோப முகம் வந்தால் பதறாதே, அது தினமும் வரும். அழுகிற முகம் வந்தால் கூப்பிடு. முதலில் சிரித்துவிட்டுப் பேசினாலும் சரி.