எலும்பு டாக்டரைக் காக்க வைத்த கால்

பேரன்புக்கும் தற்சமயம் பெருங்கோபத்துக்கும் உரிய மருமகளுக்கு,

உன் அம்மாவின் ஒரே தம்பியும், பள்ளிக்கூட மைதானத்தின் சக்கரவர்த்தியும், விசிலையே செங்கோலாக ஏந்தியவனுமான உன் மாமா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், இடுப்புக்குக் கீழே இரண்டொரு இடங்களைத் தவிர. உன் அத்தை பரம சுகம். எனக்கு வலி கூடக் கூட அவளுக்குச் சுகம் கூடிக்கொண்டே போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்றும், நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் என் மேலுள்ள ஆத்திரத்தில் வேறு யாருடைய எலும்பையும் ஒடித்திருக்க மாட்டார் என்றும் நம்புகிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நியாயம்தான். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, யார் யாரையோ தள்ளிப்போட்டு, அந்தப் பெரிய டாக்டரிடம் போன மாதம் எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை வாங்கிவைத்தாய். அவர் கையுறையெல்லாம் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றதாக உன் அம்மா சொன்னாள். நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கேட்டால் நீயே அந்த டாக்டரிடம் போய், "எங்க மாமா வராதது உங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லுவாய். கொஞ்சம் நீளமான கதை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் படி.

வலி வந்தது மழைக்காலத்தில். வலது பக்க இடுப்பில் தொடங்கி, தொடையின் ஓரமாக இறங்கி, முழங்காலில் கொஞ்சம் இளைப்பாறி, கெண்டைக்காலில் போய்க் குடியேறியது. இரண்டு அடி நடப்பதற்குள் வானத்தில் நட்சத்திரம் தெரியும், அதுவும் பட்டப்பகலில். உன் அத்தை ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டாள்: "நாள் முழுக்க மரத்தடியில நின்னு விசில் ஊதினா, கால் வேர் விடத்தான் செய்யும்." மருந்துக்கடைக்காரர் ஒரு தைலம் கொடுத்தார். தடவியதும் கால்வலி பறந்துபோனது. எரிச்சலில் எனக்குக் கால் இருப்பதே மறந்துபோயிற்று. பள்ளி வேன் டிரைவர், "இது நரம்பு சார், என் சித்தப்பா இப்படித்தான் ஆரம்பிச்சாரு" என்றார். பிறகு அவர் எப்படி முடிந்தார் என்று நான் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தவரோ படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எலும்பு அழகா இருக்கு சார்" என்றார். இந்த உடம்பில் அழகு என்று ஒருவர் சொன்னது எலும்பைத்தான், அதுவும் உள்ளே இருக்கிறது. அந்தப் படத்தைத்தான் அத்தை உனக்கு அனுப்பினாள். நீ டாக்டரிடம் காட்ட, அவர் "முழங்காலைத் திறந்து பார்த்துடலாம்" என்று சொல்ல, இங்கே நான் உயில் எழுதுகிற அளவுக்குப் போய்விட்டேன்.

ஆனால் அம்மாடி, கத்தியைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எங்கள் தலைமையாசிரியை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சார், விளையாட்டு விழா அணிவகுப்புல நீங்க முன்னாடி நேரா நடந்து வரணும். முடியலைன்னா மைதானத்தைப் புதுப் பயிற்சியாளர்கிட்ட விட்டுட்டு லைப்ரரியில உட்காருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். என் நல்லதுக்காம்! காலையில் சுண்ணாம்புக் கோடு ஈரமாக இருக்கும்போது முதல் விசில் ஊதினால், அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் திரும்புமே, அதை லைப்ரரியில் எந்த அலமாரி திரும்பிப் பார்க்கும்? அங்கே தும்மினாலே முறைப்பார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உன் அத்தையிடம் சொல்லிவிடாதே, அவள் சமையலைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வாள்.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. எங்கள் கணக்கு வாத்தியாரை உனக்குத் தெரியாது. முக்கோணம் என்று பெயர், பிள்ளைகள் வைத்தது. நான் வலது காலால் நொண்ட ஆரம்பித்த அதே காலத்தில் அவர் இடது காலால் நொண்ட ஆரம்பித்தார். தாழ்வாரத்தில் அவர் அந்தப் பக்கமிருந்து வர, நான் இந்தப் பக்கமிருந்து போக, இரண்டு பேரும் கண்ணாடியில் தெரிகிற ஒரே ஆள் மாதிரி இருப்போம். பிள்ளைகள் வகுப்பை விட்டுவிட்டு ஜன்னலில் தொங்கினார்கள். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் நிறுத்தி, "என்ன சார் இது, ஒருத்தரை ஒருத்தர் நக்கல் பண்றீங்களா? பெரிய மனுஷங்கதானே?" என்று கேட்டார். "எனக்கு நிஜமான வலிங்க மேடம்" என்றேன் நான். முக்கோணமோ என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், என் வலிக்காக வருந்துகிறார் என்று நான் நினைத்தேன்.

உன் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், அத்தை என்னைப் பிசியோதெரபி நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி கை வைக்கிறவங்ககிட்ட ஒருதடவை காட்டிடலாம்" என்பது அவள் வாதம். கால்வலிக்காரர்கள் வரவேண்டிய இடத்தை இரண்டாவது மாடியில் வைத்த மகானுபாவன் யாரென்று தெரியவில்லை. ஏறி முடித்தபோது எனக்கு இல்லாத வலிகளும் சேர்ந்திருந்தன. உள்ளே ஒரு சின்னப் பெண். என் தோளுயரம்கூட இல்லை, ஆனால் கட்டைவிரலில் ஒரு பளுதூக்கி இயந்திரத்தை ஒளித்துவைத்திருந்தாள். குப்புறப் படுக்க வைத்தாள், மல்லாக்கப் படுக்க வைத்தாள், காலை மடக்கினாள், நீட்டினாள், இடுப்பின் ஓரத்தில் ஓர் இடத்தைத் தேடிப்பிடித்து அழுத்தினாள் பாரு, நான் கத்தின கத்தலில் பக்கத்துக் கட்டிலில் கழுத்து வலிக்காக வந்திருந்தவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

"முழங்கால்ல ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "வலி கிளம்புற இடம் இதுதான், இடுப்போரத் தசை. காலுக்கு வந்து சேருது, அவ்வளவுதான். வெறுங்கால்ல நடந்து காட்டுங்க."

நடந்தேன்.

"வெறுங்கால்ல ஓரளவு நேரா நடக்கறீங்களே. எப்ப வலி ஜாஸ்தி?"

"பள்ளிக்கூடத்துல."

"லீவு நாள்ல?"

உன் அத்தை குறுக்கே புகுந்தாள்: "லீவு நாள்ல இவர் எழுந்திருச்சாத்தானேம்மா தெரியும்!"

அந்தப் பெண் சிரித்துவிட்டு, நான் வாசலில் கழற்றிவிட்ட வெள்ளை ஷூவைக் கொண்டுவரச் சொன்னாள். உள்ளே விரலை விட்டாள். வலது ஷூவில் உள்தோலுக்கு அடியிலிருந்து, குதிகாலுக்கு வைக்கிற ஒரு தக்கைக் கட்டையை எடுத்தாள். ஒரு விரல் கனம் இருக்கும். இடது ஷூவில் ஒன்றுமே இல்லை.

"உயரமா தெரியறதுக்கு வைக்கிறது சார் இது. வெச்சா ரெண்டு கால்லயும் வைக்கணும். ஒரே கால்ல வெச்சா இடுப்பு சாஞ்சு, இப்படித்தான் ஆகும்."

சொல்லி வாய் மூடவில்லை, உன் அத்தை எழுந்து நின்றுவிட்டாள். "யாருக்கு உயரமா தெரியணும் உங்களுக்கு? இந்த வயசுல? யாருக்கு?" என்று அவள் கேட்ட கேள்வி படியிறங்கித் தெருமுனை வரை போனது. நான் சத்தியம் செய்தேன், கையைக் கூப்பினேன். அந்தப் பெண்ணே, "இவர் வெச்சிருந்தா ஒரு கால்ல மட்டும் வெச்சிருக்க மாட்டாரும்மா" என்று சாட்சி சொன்னாள். அத்தைக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதி இன்னும் வழியில் இருக்கிறது.

அப்போதுதான் என் மூளையில் பல்பு எரிந்தது. அந்த மழை! கம்ப்யூட்டர் அறையில் ஆசிரியர் கூட்டம். தூசி ஆகாது என்று எல்லாரும் ஷூவை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எல்லாருக்கும் பள்ளிக்கூடம் வாங்கிக்கொடுத்த ஒரே மாதிரி வெள்ளை ஷூ. மழை கொட்டியதும் ஆளாளுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினோம். மறுநாள் வலது கால் மட்டும் கொஞ்சம் கம்பீரமாக இருப்பதாகத் தோன்றியது. நனைந்ததில் ஷூ சுருங்கிவிட்டது என்று நானே ஆராய்ந்து முடிவுசெய்துகொண்டேன். உடற்பயிற்சி வாத்தியார், காலைப் பற்றி எனக்குத் தெரியாததா என்கிற திமிர்! இதன் ஜோடித் தக்கை எவருடைய இடது ஷூவில் இருக்கிறதோ, அவர்தானே இடது காலால் நொண்டுவார்?

மறுநாள், அதாவது டாக்டர் கையுறையோடு நின்ற அந்த நேரத்தில், நான் முக்கோணத்தைச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் மடக்கி, தக்கையை நீட்டினேன்.

"மெதுவா பேசுங்க சார்" என்றார். நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

"உங்களுதா?"

"ஆமா."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு ராத்திரியே."

"தெரிஞ்சுமா இத்தனை நாளா நொண்டினீங்க? என்னையும் நொண்ட விட்டீங்க? என் முழங்காலை அறுக்கப் பார்த்தாங்கய்யா!"

"எப்படி சார் கேக்கறது? 'என் குதிகால் கட்டை உங்ககிட்ட இருக்கு'ன்னா? மறுநாளே ஸ்டாஃப் ரூம் பூரா தெரிஞ்சிடும். எட்டாம் வகுப்புப் பசங்க எல்லாம் என்னைவிட உயரம். அவனுங்க குனிஞ்சு பார்த்து, 'சார், புரியல'ன்னு சொல்றப்ப எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க ஆறடி." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்துவிட்டதாம்.

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து வலது ஷூவை மாற்றிக்கொண்டோம். தக்கையை நானே அவர் ஷூவுக்குள் வைத்துக் கொடுத்தேன். மனுஷன் எழுந்து நின்றபோது முகமே வேறாக இருந்தது.

ஷூ மாறினால் வலி போய்விடும் என்று நினைத்தேன். அந்தப் பிசியோதெரபிப் பெண் விடவில்லை. "தசை ரொம்ப பலவீனமா இருக்கு சார். நீங்க பி.டி. வாத்தியார்னு சொல்றீங்க, உடற்பயிற்சியே பண்ண மாட்டீங்களா?" என்று கேட்டாள். "பண்ண வைப்பேன்" என்றேன். அன்றிலிருந்து தொடங்கியது. ஒருக்களித்துப் படுத்து, முழங்காலைச் சிப்பி திறப்பதுபோலத் திறந்து மூடவேண்டும். மல்லாக்கப் படுத்து இடுப்பைப் பாலம் மாதிரி தூக்கவேண்டும். கணுக்காலில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நடக்கவேண்டும். பக்கத்துக் கட்டிலில் யார் என்கிறாய்? முக்கோணம்! இரண்டு பாலங்களும் ஒரே நேரத்தில் எழும், ஒரே நேரத்தில் இடிந்து விழும். வீட்டிலோ நிலைமை இன்னும் மோசம். என் விசிலை உன் அத்தை பறிமுதல் செய்துவிட்டாள். நான் இடுப்பைக் கொஞ்சம் இறக்கினால் போதும், "பீப்!" என்று அடுப்பங்கரையிலிருந்து சத்தம் வரும். அங்கிருந்து நான் அவளுக்குத் தெரியவே தெரியாது அம்மாடி, எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ!

ஆனால் பலித்துவிட்டது. வலி கெண்டைக்காலைக் காலிசெய்தது, முழங்காலைக் காலிசெய்தது, கடைசியில் இடுப்பிலிருந்தும் மூட்டை கட்டியது. நேற்று விளையாட்டு விழா. கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். எப்படி நடந்தேன் என்கிறாய்? சுண்ணாம்புக் கோடே என்னைப் பார்த்துத் தன்னை நேராக்கிக்கொண்டது. தலைமையாசிரியை மைக்கிலேயே, "மைதானம் சாருக்குத்தான்" என்றார். முக்கோணம் பின்வரிசையிலிருந்து கைதட்டினார். பின்வரிசையில் நின்றும் அவர் தலை நன்றாகத் தெரிந்தது.

ஆகவே கோபத்தை விடு. டாக்டரிடம் என் வணக்கத்தையும், என் முழங்காலைத் திறக்க முடியாமல் வீணாகக் காத்து நின்றதற்கு என் அனுதாபத்தையும் தெரிவி. மாப்பிள்ளைக்கு என் ஆசி. குழந்தைக்கு முத்தங்கள், கன்னத்துக்கு ஒன்று வீதம், மூக்குக்கு ஒன்று தள்ளுபடியில். முக்கோணத்தின் விஷயம் உன்னோடு இருக்கட்டும். எல்லாரும் நோய்நொடியில்லாமல், இரண்டு காலும் சமமாக, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நேராக நிற்கும் உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். என் கால் குணமானது பள்ளிக்கே முன்மாதிரியாம். திங்கட்கிழமை முதல் தினமும் காலையில், பிள்ளைகள் செய்கிற ஒவ்வொரு பயிற்சியையும் நானும் அவர்களுக்கு முன்னால் நின்று செய்யவேண்டுமாம், ஓட்டம் உட்பட. "செய்வாரு மேடம்" என்று உன் அத்தை எனக்கு முந்தி வாக்குக் கொடுத்துவிட்டாள். லைப்ரரியை நான் தெரியாமல் கேவலமாகப் பேசிவிட்டேன். அங்கே மின்விசிறி இருக்கிறது, கை வைத்த நாற்காலி இருக்கிறது. அம்மாடி, அந்தப் பெரிய டாக்டரின் காலில் விழுந்தாவது எனக்குத் தீராத கால்வலி என்று ஒரு சான்றிதழ் வாங்கி உடனே அனுப்பு. எந்தக் கால் என்பதை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.